புதுப்பிப்பு: வட்டின் பெயர் மாறியதால் நின்றுபோன லினக்ஸ், இப்போது சரியாகிவிட்டது

புதிய வன்தட்டைப் பொருத்தியதும் லினக்ஸ் முழுமையாகத் தொடங்காமல் அவசரநிலை முனையத்தில் (பழுதுநீக்கக் கட்டளைகளைத் தட்டச்சிடும் திரையில்) நின்றுவிடுவதாக முன்பு எழுதியிருந்தேன், காரணம் கிடைத்துவிட்டது. லினக்ஸின் மையப்பகுதியான கெர்னல், வட்டுகளைத் தான் கண்டறியும் வரிசையிலேயே எஸ்டிஏ, எஸ்டிபி என்று பெயரிடுவதால், அப்பெயர்கள் நிலையானவை அல்ல. தொடக்கத்தில் எந்தெந்தப் பகிர்வுகளை (வட்டின் பகுதிகளை) இணைக்க வேண்டும் என்று பட்டியலிடும் என் எஃப்எஸ்டேப் கோப்பில், பயனர் கோப்புகள் உள்ள ஹோம் பகிர்வு எஸ்டிபி1 (எஸ்டிபி வட்டின் முதல் பகிர்வு) என்றே இருந்தது. எஸ்டிபி என்ற பெயரைப் புதிய வெற்று வட்டு பிடித்துக்கொள்ள, ஹோம் உள்ள பழைய வட்டு எஸ்டிசி ஆகிவிட்டது. (கேபிளைச் சந்தேகித்து ஒரு மாலையை வீணாக்கியது என் பிழை.) பிஎல்கேஐடி கட்டளை காட்டிய யூயூஐடியை (பகிர்வுக்கே உரிய, வட்டின் பெயர் மாறினாலும் மாறாத அடையாள எண்ணை) ஹோம் பகிர்வுக்கான வரியில் இட்டு, பகிர்வை இணைக்கும் மவுன்ட் கட்டளையால் சரிபார்த்த பின்னரே மறுதொடக்கம் செய்தேன். அதே கோப்பில் ஸ்வாப் (நினைவகத்துக்குத் துணையாகும் வட்டுப்பகுதி) வரியை மாற்ற மறந்ததால், இல்லாத எஸ்டிபி2-க்காக, தொடக்கப் பணிகளை நடத்தும் சிஸ்டம்டி 90 நொடி காத்திருந்தது; அதையும் திருத்திவிட்டேன்.