ராக்கு: செம்பு க்ளேஸ் சிவக்கவே இல்லை, அவசர உதவி

பாயான்மண்: சனிக்கிழமை மறுபடி சுடணும். செம்பு க்ளேஸ் (கண்ணாடி மாதிரி உருகும் பூச்சு) பூசிய 4 மண்குடுவையையும் ராக்கு முறையில் சூட்டோடு சூளையிலிருந்து எடுத்து மரத்தூளில் போட்டு மூடினேன். எல்லாம் மங்கின பச்சை. எங்கே தப்பு?

தணல்: எத்தனை டிகிரியில் எடுத்தீங்க? மூட எத்தனை விநாடி? எப்போ திறந்தீங்க? தோங் (பீப்பாய்) என்ன அளவு? கலவை?

ஈரமண்: தூள்தான் காரணம். பினாங்கு மழைக்கு மூட்டையிலேயே ஊறிடும். ஈரத்தூள் ஆவி விடும், சரியாப் பத்தாது. 2 நாள் வெயிலில் காயவைங்க. பிளைவுட் தூள் வேண்டவே வேண்டாம், பசை எரியும் புகை உடம்புக்குக் கெடுதல்.

சூளைக்கிழவர்: இதை இங்கே எத்தனை தடவை எழுதுவது? தேடிப் பார்க்கக்கூட நேரமில்லையா? ஆக்சிஜன் கிடைக்காதபோதுதான் செம்பு ஆக்சைடு உலோகச் செம்பாகும். பச்சை என்றால் காற்று புகுந்தது. இந்த அடிப்படை தெரியாமல் இடுக்கியைத் தொடக்கூடாது.

தணல்: ஐயா, கேட்க வந்தவரிடம் மெதுவாச் சொல்லலாமே.

ஈரமண்: ராக்குன்னாலே தூளில் போடணும்னு இல்லை. 16ஆம் நூற்றாண்டில் ஜப்பானியக் குயவர் ச்சோஜிரோ செய்த தேநீர்க் கிண்ணங்கள் வெளியே எடுத்து ஆறவிட்டவை. தூளில் போடுவது 1960இல் அமெரிக்காவில் பால் சோல்ட்னர் என்ற குயவர் தொடங்கினது.

உமிக்கரி: குவாலா கங்சாரில் லாபு சாயோங் மண்குடுவையைச் சூட்டோடு உமியில் போட்டுத்தானே கறுக்க வைக்கிறாங்க? இதுவும் அதே வேலைதான்.

சூளைக்கிழவர்: அதில் க்ளேஸ் கிடையாது. மண்ணில் கரி ஏறுவது வேறு, செம்பு ஆக்சிஜனை இழப்பது வேறு. இரண்டையும் குழப்பாதீர்கள்.

பாயான்மண்: சுமார் 980. செம்பு கார்பனேட் 80, ஃபிரிட் (உருக்கி அரைத்த கண்ணாடித்தூள்) 20. நாலையும் ஒரே 200 லிட்டர் எண்ணெய்த் தோங்கில், தூள் ரெண்டு கைப்பிடி. 5 நிமிஷத்தில் திறந்து பார்த்தேன்.

தணல்: கலவையும் சூடும் சரி, ஈரமண் சொன்னது மாதிரி தூளும் காய்ந்திருக்கணும். ஆனா அவ்வளவு பெரிய தோங்கில் இருக்கும் காற்றை ரெண்டு பிடி தூள் தின்று தீர்க்காது. 5 நிமிஷத்தில் குடுவை இன்னும் கொதிக்குது. திறந்ததும் வந்த சிவப்பும் பச்சையாகிடும். குடுவைக்கு ஒரு சின்னத் தகரத் தோங், சுத்தி 2 அங்குலம்தான் இடம். அடியில் 2 அங்குலம் தூள். 10 விநாடிக்குள் மூடி, விளிம்பில் ஈரமணல் அப்பி 25 நிமிஷம் விடுங்க. வண்ணத் திட்டு வேணும்னா நடுவில் ஒரு தடவை ஒரு விநாடி தூக்கி மூடலாம்; மூடியை முகத்துக்கு எதிர்ப்பக்கம் தூக்கணும், உள்ளே தேங்கின வாயு குப்பென்று பத்தும். அந்தக் குடுவையில் தண்ணீர் ஊற்றாதீங்க, கசியும்; உணவுக்கும் ஆகாது.

பாயான்மண்: சுட்டாச்சு. 3 நல்லாச் சிவந்திருக்கு, ஒண்ணு கழுத்தில் மட்டும் பச்சை. நன்றிங்க.

தணல்: அந்தத் தோங்கில் மேலே காற்று தங்கியிருக்கும். மூடுமுன் கிழித்த நாளிதழ் ஒரு பிடி கழுத்தைச் சுத்திப் போடுங்க.