சதுரங்க அரிசிக் கணக்கு எண்ணைக் கையால் காரணிப்படுத்த முடியுமா?

திண்ணைவாசி:
18446744073709551615. சதுரங்கப் பலகையில் 1, 2, 4, 8 என்று கட்டத்துக்குக் கட்டம் இரட்டித்து அரிசி வைக்கும் கதையில் கடைசியில் வரும் மொத்தம். ஒன்பதாவது படிக்கும் மகள், "இதைப் பகா காரணிகளாப் பிரிச்சுக் காட்டுப்பா, கால்குலேட்டர் தொடக்கூடாது" என்கிறாள். கடைசி இலக்கம் 5, அதனால் 5 போகும். இலக்கங்களைக் கூட்டினால் 87, அதனால் 3 போகும், 9 போகாது. இரண்டாலும் வகுத்ததில் 1229782938247303441 நிற்கிறது. அப்புறம் 7, 11, 13 என்று போட்டுப் பார்த்து தாள் தீர்ந்ததுதான் மிச்சம். குறுக்கு வழி உண்டா?

ஒற்றைப்படை:
அடடா, 13-ஓடு விட்டுவிட்டீர்களே, அடுத்த 17 மீதியில்லாமல் போயிருக்கும்! ஆனால் வகுக்கவே வேண்டாம். அது 2^64 − 1 (2-இன் 64-ஆம் அடுக்கில் ஒன்று குறைவு), அதாவது இரு வர்க்கங்களின் வித்தியாசம், அதனால் (2^32 + 1) × (2^32 − 1) ஆகும், அதில் இரண்டாவது அடைப்பு மறுபடி அதே மாதிரி உடையும், அதில் வருவதும் உடையும். இப்படியே இறங்கினால் 3 × 5 × 17 × 257 × 65537 × 4294967297. முடிந்தது.

சாக்பீஸ்தூள்:
எங்கே முடிந்தது? 4294967297 பகா எண் இல்லை. கணித மேதை ஃபெர்மாவே சறுக்கிய இடம் இது. 3, 5, 17, 257, 65537 ஐந்தும் பகா எண்ணாக இருக்கவே இதுவும் அப்படித்தான் என்று நம்பிவிட்டார், 1732-இல் இன்னொரு கணித மேதை ஆய்லர் 641 × 6700417 என்று உடைத்துக் காட்டினார். இதன் பகா காரணி எதுவானாலும் 64-இன் மடங்கைவிட 1 கூடுதலாகத்தான் இருக்கும். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, 641. ஐந்தாவதிலேயே விழுந்துவிடும்.

வகுக்காமலும் காட்டலாம், எனக்குப் பிடித்தது இதுதான். 641 = 5 × 2^7 + 1, அதே 641 = 5^4 + 2^4. 641-ஆல் வகுத்து வரும் மீதியை மட்டும் பார்த்தால் 5 × 2^7 என்பது −1 (641-க்கு ஒன்று குறைவு). அதை நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5^4 × 2^28 என்பது 1. 5^4 + 2^4-க்கு மீதி 0 என்பதால், இப்போது 5^4 இருக்கும் இடத்தில் −2^4 போடுங்கள், −2^32 என்பது 1 என்றாகிவிடும். அப்படியானால் 2^32 + 1-க்கு மீதி 0.

திண்ணைவாசி:
அசத்தல்! 6700417 இதற்குமேல் உடையாது என்று எப்படித் தெரியும்?

சாக்பீஸ்தூள்:
அதே விதிதான், இதன் காரணி 4294967297-க்கும் காரணிதானே. அதன் வர்க்கமூலம் 2588 சொச்சம், அதற்குள் 64-இன் மடங்கோடு 1 கூட்டி வருபவை 40 எண்கள்தான், அதிலும் பகா எண்களை மட்டும் பார்த்தால் போதும். எதுவும் வகுக்காது.

ஒற்றைப்படை:
என் தப்புதான். ஆக 7 பகா காரணிகள், எல்லாம் வேறுவேறு, அதனால் மொத்த வகுத்திகள் 2^7 = 128. சரிபார்க்க ஸ்ப்ரெட்ஷீட்டில் மட்டும் போடாதீர்கள், 15 இலக்கம் தாண்டினால் மற்ற இலக்கங்களைச் சுழியமாக்கிவிடும்.

திண்ணைவாசி:
காட்டினேன். "128-ஐயும் எழுதிக் காட்டு" என்கிறாள்.