ஜிம் வேலையைத் தொழிலாக்கியவர்களே, இன்னும் மனதை உறுத்துகிற ஒரு சந்திப்பைப் பகிருங்கள்

அதிகாலை பேட்ச் (சென்னை)

நானே ஆரம்பிக்கிறேன். வேளச்சேரி பக்கம் ஒரு பெரிய ஜிம்மில் ஃப்ளோர் டிரெய்னராகச் சேர்ந்து பெர்சனல் டிரெய்னிங்குக்கு வந்தவன் நான். சம்பளம் எவ்வளவு, கமிஷன் எப்படி, மாசக் கடைசியில் டார்கெட்டுக்காக என்னென்ன பேச வேண்டியிருக்கும் என்பதெல்லாம் இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். சொந்தமாக ஒரு சின்ன ஸ்டுடியோ போடலாம் என்று முடிவு செய்து ராஜினாமா கொடுத்தேன். கடைசி நாள் சாயங்காலம் மேனேஜர் கூப்பிட்டார். என் போனை வாங்கி, கிளையண்ட் நம்பர்களை ஒவ்வொன்றாக என் கண் முன்னாலேயே அழிக்கச் சொன்னார். ரிசப்ஷனில், எல்லோரும் பார்க்க.

அப்போது என் கிளையண்ட் ஒருவர் ட்ரெட்மில்லில் இருந்து இறங்கி வந்தார். ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி, அறுபதைத் தாண்டியவர், சர்க்கரை, முழங்கால் வலி. என்னிடம் வந்த புதிதில் கையை ஊன்றாமல் நாற்காலியை விட்டு எழ மாட்டார், இப்போது மாடிப்படியில் கைப்பிடியைத் தொடாமல் ஏறுகிறார். நடப்பதைப் பார்த்துவிட்டு, "என் நம்பரை அழிச்சிட்டாங்களா தம்பி? அழிக்கட்டும், உன் நம்பர் என்கிட்ட இருக்கு" என்றார். மேனேஜர் உடனே அவர் பக்கம் திரும்பி, "சார், உங்க பேக்கேஜ்ல இன்னும் செஷன் பாக்கி இருக்கு. வேற டிரெய்னர் தருவோம். இவர்கிட்ட போனீங்கன்னா பணம் திரும்ப வராது" என்றார். பெரியவரின் முகம் மாறியதைப் பார்த்தேன். 36 செஷனுக்கும் மொத்தமாகக் கட்டியிருந்தார், ஜிம்முக்காக அல்ல, என்னை நம்பி. இன்றைக்கும் அவர் என்னிடம்தான் பயிற்சி எடுக்கிறார். அந்தப் பணம் போனது போனதுதான்.

கிளையண்ட் யாருக்குச் சொந்தம், ஜிம்முக்கா, டிரெய்னருக்கா? இதைப் பேச வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

திருச்சி ஜிம் ஓனர்

அந்த மேனேஜர் செய்தது அசிங்கம், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஓனர் பக்கம் யாருமே பேசுவதில்லை. இடத்துக்கு அட்வான்ஸ், வாடகை, கமர்ஷியல் ரேட்டில் கரண்ட் பில், மெஷினுக்கு வாங்கிய கடனுக்கு மாசா மாசம் தவணை. 2020 மார்ச்சில் மூடி ஆகஸ்டில் திறந்தோம், 2021இல் மறுபடியும் மூடினோம், தவணை மட்டும் நிற்கவில்லை. அப்படிக் காப்பாற்றிய இடத்துக்குள் உட்கார்ந்துகொண்டு, என் விளம்பரத்தைப் பார்த்து உள்ளே வந்த ஆளிடம், "வெளியே வாங்க சார், பாதி ரேட்டுக்கு செய்யலாம்" என்று காதில் ஓதுகிற டிரெய்னர்களை நான் பார்த்திருக்கிறேன். அதிகாலை பேட்ச் அப்படிச் செய்தார் என்று சொல்லவில்லை.

என்னை உறுத்துவது வேறு. 2025 செப்டம்பர் 22 முதல் ஜிம்முக்கு ஜிஎஸ்டி 18இல் இருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. அன்றைக்குக் காலையிலேயே பழைய மெம்பர் ஒருவர் நாளிதழைக் கையில் பிடித்தபடி வந்து, "அப்போ எனக்கு 13 சதவீதம் குறையணும்ல?" என்று கேட்டார். பேப்பரில் வராத பாதியை அவருக்கு நின்று விளக்கினேன். 5 சதவீதம் என்பது உள்ளீட்டு வரியைத் திரும்ப எடுக்க முடியாத 5 சதவீதம். முன்னால் வாடகைக்கும் மெஷினுக்கும் நான் கட்டிய ஜிஎஸ்டியை மெம்பரிடம் வசூலித்த வரியில் கழித்துக்கொள்வேன், இனி அது முழுக்க என் செலவு. கட்டணத்தைக் குறைத்தேன், ஆனால் முழு 13 இல்லை. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உங்க கணக்கு உங்களுக்கு சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். திறந்த நாளில் இருந்து என்னிடம் வருகிறவர். அந்த வருஷ ரெனியூவலுக்கு வரவில்லை. நான் ஏமாற்றுகிறேன் என்று நினைத்துப் போய்விட்டார், அதுதான் தாங்கவில்லை.

கெட்டில்பெல் அக்கா (கோவை)

ஜிம் பக்கமே நான் போவதில்லை. வீட்டுக்கே போய்ப் பெண்களுக்கு மட்டும் பயிற்சி கொடுக்கிறேன், பெரும்பாலும் பிரசவத்துக்குப் பிறகு வருகிறவர்கள். டாக்டர் எழுதிக் கொடுக்காமல் ஆரம்பிக்க மாட்டேன், முதல் சில வாரம் மூச்சும் வயிற்றுத் தசையும் மட்டும்தான், குதிக்கிற வேலையே கிடையாது.

ஆர்.எஸ்.புரத்தில் ஒரு வீடு. அந்தப் பெண்ணின் கணவர் ஒருநாள் ஹாலில் உட்கார்ந்து முழுசாகப் பார்த்துவிட்டு, பணம் அனுப்பும்போது கேட்டார்: "மேடம், பக்கத்துல நின்னு எண்ணுறதுக்கா இவ்வளவு?" சண்டைக்கு இழுக்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்ட மாதிரிதான் இருந்தது. நான் பதில் யோசிப்பதற்குள் கீழே கடைப்பையன் அரிசி கொண்டுவந்து லிஃப்ட் பக்கத்தில் போட்டுவிட்டுப் போய்விட்டான், 25 கிலோ சிப்பம். அவள் எழுந்து போய், காலை அகட்டி, முதுகை நேராக வைத்து, நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே மூச்சை வெளியே விட்டபடி அதைத் தூக்கி, மார்போடு அணைத்துச் சமையலறைக்குக் கொண்டுபோய் வைத்தாள். குழந்தை பிறந்த புதிதில் தொட்டிலில் இருந்து குழந்தையைத் தூக்கவே பயந்த பெண் அவள். திரும்பி வந்து கணவரிடம், "இதுக்குத்தான்" என்றாள்.

அதோடு முடிந்திருந்தால் நான் எழுதியிருக்கவே மாட்டேன். அவர் சிரித்துவிட்டு, "சரி, இப்போ கத்துக்கிட்டா இல்ல, அடுத்த மாசத்துல இருந்து வாரத்துக்கு ஒருநாள் வந்தா போதுமே, பாதி கொடுத்துடறேன்" என்றார். ஒத்துக்கொண்டேன், அவளுக்காக. இப்போதும் அந்தத் தெரு வழியாகப் போகும்போதெல்லாம் கோபம் வருகிறது.

மதுரை மாஸ்டர்

சுருக்கமாகச் சொல்கிறேன். என் கிளையண்ட் ஒருவர், பாத்திரக்கடை வைத்திருப்பவர், நன்றாக இளைத்தார். அவர் சம்மதத்தோடு, இளைப்பதற்கு முன்னும் பின்னும் எடுத்த படத்தை என் இன்ஸ்டாகிராமில் போட்டேன். கொஞ்ச நாள் கழித்து மாட்டுத்தாவணி போகிற வழியில் ஒரு ஃப்ளெக்ஸ் பேனர், பத்தடி உயரத்தில் அவர் வயிறு, கீழே வேறொரு ஜிம்மின் பெயர், "90 நாளில் மாற்றம்" என்று. என்னிடம் அவருக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. நேரே அந்த ஜிம்முக்கே போய்க் கேட்டேன். அங்கே இருந்த பையன் கொஞ்சம்கூடப் பதறாமல், "கூகுள்ல கிடைச்சுச்சுண்ணே" என்றான். பேனரை அவன் இறக்குவதற்குள் கடைக்காரரின் சம்பந்தி வீட்டார் பார்த்துவிட்டார்கள். அன்றிலிருந்து அவர் படம் எடுக்கவே விடுவதில்லை, நானும் கேட்பதில்லை.

கோவை அக்கா, கட்டணத்தைக் குறைத்தது சரியில்லை. பாதி நாள் என்றால் பாதிக் காசு என்று ஆகிவிட்டால் உங்கள் வேலை மணிக்கூலி ஆகிவிடும்.

ஃபிட் கன்சல்ட் (பெங்களூரு)

என் கதை இரண்டு வரி. 2021 அக்டோபர் 29 அன்று நடிகர் புனித் ராஜ்குமார் இறந்தார், வயது 46, உடற்பயிற்சிக்குப் பிறகு நெஞ்சுவலி என்று செய்தி வந்தது. அதற்குப் பிறகு என் மாலை பேட்ச்சில் ஒருவர் டம்பெல்லைக் கீழே வைத்துவிட்டு, "என் இதயத்தைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?" என்று கேட்டார். அந்தக் கேள்விதான் நான் தொழில் செய்கிற விதத்தையே மாற்றியது, ஆகவே புதிதாக வருகிறவர்களுக்குச் சில விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் பார்-கியூ படிவம், அதாவது பயிற்சிக்கு முன்னால் உடல்நிலையைக் கேட்கிற கேள்வித்தாள். முதல் செஷனுக்கு முன்னால் அதை நிரப்பிக் கையெழுத்து வாங்காமல் ஒருவரையும் தொடாதீர்கள். நெஞ்சுவலி, மயக்கம், ரத்த அழுத்த மாத்திரை என்று எதற்காவது ஆம் என்றால் டாக்டரிடம் போய்வரச் சொல்லுங்கள். ஒரு கிளையண்ட் போனால் போகட்டும். இதயம் நின்றுபோனால் மார்பை அழுத்திச் செய்கிற முதலுதவியான சிபிஆர் கற்றுக்கொள்ளுங்கள். ஏசிஇ என்ற அமெரிக்க அமைப்பின் டிரெய்னர் சான்றிதழ் தேர்வுக்கே செல்லுபடியாகும் சிபிஆர் சான்றிதழ் வேண்டும், அந்த டிரெய்னர் சான்றிதழை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க 20 மணி நேரம் தொடர்கல்வி காட்ட வேண்டும். இது செலவு என்று நினைப்பவர்கள் உண்டு, நான் நினைப்பதில்லை, ஏனென்றால் கட்டணம் எவ்வளவு என்று சொல்லும்போது குரல் தடுமாறாமல் இருப்பதற்கு நம்மிடம் படிப்பு இருக்க வேண்டும்.

அப்புறம் நேரம். நம் தொழிலில் விற்க இருப்பது காலை ஐந்து முதல் ஒன்பது, மாலை ஐந்து முதல் ஒன்பது, அவ்வளவுதான். ஒரு மணிக்கு ஒருவர் என்றே ஓட்டினால் வருமானம் ஓர் இடத்தில் முட்டி நின்றுவிடும், உடம்பும் போய்விடும். நாலைந்து பேர் கொண்ட சின்ன பேட்ச் வையுங்கள். மதிய நேரத்தில் வீட்டில் இருக்கும் பெரியவர்களை அழையுங்கள், பதினொரு மணிக்கு வரக்கூடியவர்கள் அவர்கள்தான். எத்தனை சின்னத் தொகையாக இருந்தாலும் ரசீது கொடுங்கள். சேவைத் தொழிலில் வருஷ வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். ஜிம்மில் டிடிஎஸ் பிடித்துச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்றால் வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்யுங்கள், கூடுதலாகப் பிடித்தது திரும்பி வரும், எத்தனையோ பையன்கள் அதைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். புரோட்டீன் பவுடர் விற்கிறவர்கள் எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிமம் இல்லாமல் விற்காதீர்கள், டப்பாவில் அதன் 14 இலக்க எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

அதிகாலை பேட்ச், உங்கள் கேள்விக்கு வருகிறேன். வேலையை விட்ட பிறகு இரண்டு வருஷம் பக்கத்தில் தொழில் செய்யக்கூடாது என்று எழுதி வாங்குகிறார்களே, இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 27 படி ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கிற ஒப்பந்தம் செல்லாது. ஆனால் ஜிம்மின் கம்ப்யூட்டரில் இருக்கிற மெம்பர் பட்டியலைக் காப்பி எடுத்துக்கொண்டு போவது வேறு, அதற்கு வழக்குப் போட முடியும். கிளையண்ட் தானாகத் தேடி வந்தால் அது அவர் விருப்பம்.

ஈரோடு நேச்சுரல்

மேலே எழுதியவர் நல்லதுதான் சொல்கிறார், ஆனால் இது அனுபவம் சொல்கிற இடம்.

எங்கள் ஊர்ப் பையன், ஜிம்மே கதி என்று கிடப்பான், நல்ல உடல்வாகு. மாவட்டப் போட்டிக்கு நிற்க வேண்டும், ஊசி ஏற்பாடு செய்யுங்கள் மாஸ்டர் என்று கேட்டான். மாட்டேன் என்றேன். அவன் அப்பாவையும் கூப்பிட்டுச் சொன்னேன், டெஸ்டோஸ்டிரோன் டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கக்கூடாத மருந்து, பையனுக்கு வயசு இருக்கிறது, இன்னும் இரண்டு வருஷம் சாப்பாட்டிலும் தூக்கத்திலும் வளரட்டும் என்று. தலையாட்டினார். பையன் வேறு ஜிம்முக்குப் போய்விட்டான். அவனைப் பார்த்து என் பேட்ச்சில் இன்னும் சிலர் போனார்கள், நான் பழைய காலத்து ஆள் என்று பேச்சு.

அப்புறம் ஒருநாள் டீக்கடையில் அவன் அப்பாவைப் பார்த்தேன். கல்லீரல் வீங்கி பையன் ஆஸ்பத்திரியில் இருக்கிறான் என்றார். நான் என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றேன். அவர் என் முகத்தைப் பார்த்து, "நீங்க மாட்டேன்னு சொல்லாம குடுத்திருந்தா, அளவாவது பார்த்து குடுத்திருப்பீங்க மாஸ்டர்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பிள்ளையைப் பெற்றவர் சொல்கிறார். பையன் இப்போது தேறிவிட்டான், கடையில் உட்காருகிறான், எடை தூக்குவதில்லை.

மறுபடியும் யாராவது வந்து கேட்டாலும் மாட்டேன் என்றுதான் சொல்வேன். ஆனால் அவர் சொன்னது ராத்திரியில் காதில் விழுகிறது.

திருச்சி ஜிம் ஓனர்

ஈரோடு மாஸ்டர், நீங்கள் செய்ததுதான் சரி. அந்த அப்பாவுக்கு யார் மேலாவது சாய வேண்டியிருந்தது, நீங்கள் கிடைத்தீர்கள். ஊசி வேண்டுமென்று என் ஜிம்முக்கு வருகிறவனை வாசலோடு அனுப்பிவிடுவேன், வருமானம் குறைகிறது என்பது உண்மை.

பெங்களூருகாரரே, பிரிவு 27 எனக்கும் தெரியும். சட்டப்படி செல்லாது என்பதால் எல்லாம் முறை ஆகிவிடாது. நான் சொந்தச் செலவில் கோர்ஸுக்கு அனுப்பிய பையன் அடுத்த தெருவிலேயே போர்டு மாட்டினான். அவனை நான் தடுக்கவில்லை, ஆனால் திறப்பு விழாவுக்கு ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாம்.

கெட்டில்பெல் அக்கா (கோவை)

மதுரை அண்ணா, நீங்கள் சொன்னது எனக்குத் தெரியாமல் இல்லை. நான் முழுக் கட்டணம் கேட்டிருந்தால் அவர் நிறுத்தியிருப்பார், அவளுக்கு அதோடு முடிந்திருக்கும். வீட்டுக்குள் போய் வேலை செய்கிற பெண் டிரெய்னருக்குப் பணம் கொடுப்பவர் ஒருவர், பயிற்சி எடுப்பவர் இன்னொருவர். ஜிம்மில் வேலை செய்கிறவர்களுக்கு இது புரியாது. இப்போது புதிதாக வருகிறவர்களிடம் முதலிலேயே மூன்று மாதத்துக்குப் பேசி, யார் பணம் கொடுப்பார்களோ அவரையும் முதல் செஷனில் கூடவே செய்ய வைக்கிறேன். பத்து ஸ்குவாட் போட்ட பிறகு எந்தக் கணவரும் "எண்ணுறதுக்கா இவ்வளவு" என்று கேட்டதில்லை.

ஃபிட் கன்சல்ட் (பெங்களூரு)

அதிகாலை பேட்ச், அந்த வங்கிப் பெரியவரிடம் ரசீது இருக்கிறதா? செய்யாத சேவைக்கு வாங்கிய பணம் அது. நுகர்வோர் உதவி எண் 1915இல் முதலில் புகார் பதியச் சொல்லுங்கள். அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், 5 லட்சம் வரைக்கும் புகாருக்குக் கட்டணமே கிடையாது, வக்கீல் இல்லாமலே போகலாம். ஆனால் இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும்.

அதிகாலை பேட்ச் (சென்னை)

இரண்டு வருஷம் ஆகவில்லை. ரசீது இருக்கிறது, வங்கியில் இருந்தவர் அல்லவா, எல்லாத் தாளையும் கோப்பில் வைத்திருக்கிறார். போன் செய்து கேட்டேன். "பணம் போனா போகட்டும்னுதான் விட்டேன், ஆனா வக்கீல் இல்லாம நானே வாதாடலாமா?" என்று இரண்டு தடவை கேட்டார். நாளைக் காலை பேட்ச்சுக்குக் கோப்போடு வருகிறார். 1915இல் புகார் எண் கிடைத்ததும் இங்கே எழுதுகிறேன்.

திருச்சி அண்ணா, என் ஸ்டுடியோ திறப்புக்குப் பழைய ஜிம்மில் எல்லோரையும் கூப்பிட்டேன். ஃப்ளோர் பையன்கள் வந்தார்கள், மேனேஜர் வரவில்லை.