நொவோசைம் 435 மணிகள் போகப் போகச் சோர்ந்துவிடுகின்றன, ஏன்?

இளவேனில்:
வணக்கம். லாரிக் அமிலத்தையும் ஆக்டனாலையும் கரைப்பான் ஏதும் இல்லாமல் 60 டிகிரி செல்சியஸில் வினைபுரியவிட்டு ஆக்டைல் லாரேட் என்ற எஸ்டரைத் தயாரிக்கிறேன். வினையூக்கி, நொவோசைம் 435, அதாவது பிசின் மணிகளில் ஒட்டவைத்த லைப்பேஸ் என்ற நொதி. உருண்டைக் குடுவை, காந்தக் கலக்கி, வாய் மூடியிருக்கும். முதல் சுற்றில் விளைச்சல் அருமை. மணிகளை வடிகட்டி ஹெக்சேனில் கழுவித் திரும்பப் போட்டால், போகப் போகக் குறைகிறது. வடிதாளில் வெள்ளைத் தூள் அடைக்கிறது. சில மணிகள் கண்ணாடியில் ஒட்டிக்கொள்கின்றன. வினையூக்கியாகக் கந்தக அமிலத்தை விட்டு இந்தப் பக்கம் வந்ததே மறுபடி மறுபடி பயன்படுத்தலாம் என்றுதான். நொதி செத்துவிட்டதா? வேதிப்பிணைப்பு போடும் குளூட்டரால்டிஹைடால் நொதியை மணியோடு இறுக்கிக் கட்டிப் பார்க்கலாமா?

தூண்டல்:
குளூட்டரால்டிஹைடை இப்போதைக்குத் தொடாதீர்கள். நொதி செத்ததற்கான அறிகுறி எதுவும் நீங்கள் சொன்னதில் இல்லை. நீங்கள் சொன்ன இரண்டு விஷயங்களே காரணத்தைக் காட்டிவிடுகின்றன.

முதலாவது, வெள்ளைத் தூள். இந்த மணிகள் அக்ரிலிக் பிசினால் ஆனவை. ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் பருமன், உள்ளே முழுக்க நுண்துளைகள். குடுவையின் அடியில் சுழலும் காந்தக் கட்டை அவற்றை அம்மிக்குழவி மாதிரி அரைத்துவிடும். அந்தத் தூளில் நொதி உயிரோடுதான் இருக்கிறது, ஆனால் ஒவ்வொரு முறையும் வடிதாளோடு குப்பைக்குப் போகிறது. குடுவையையே வட்டமாக ஆட்டும் ஆர்பிட்டல் ஷேக்கருக்கு மாறுங்கள், இல்லையென்றால் மேலிருந்து இறங்கும் துடுப்புக் கலக்கியை மெதுவாக ஓட்டுங்கள்.

இரண்டாவது, ஒட்டிக்கொள்ளும் மணிகள். அது நீர். 200 கிராம் லாரிக் அமிலம் முழுதாக எஸ்டரானால் 18 கிராம் நீர் வெளிவரும். மூடிய குடுவையில் அது எங்கே போகும்? எண்ணெய்க் கலவையில் கொஞ்சம்தான் கரையும். மிச்சம் மணிகளின் துளைகளில் ஏறி உட்காரும். அமிலமும் ஆல்கஹாலும் அந்த நீர்ப்படலத்தைத் தாண்டி நொதியை அடைய வேண்டும், வினையும் பின்னோக்கித் தள்ளப்படும். ஹெக்சேன் நீரைக் கரைக்காது, எனவே உங்கள் கழுவலில் அது போகவே போகாது. டெர்ட்-பியூட்டனாலில் கழுவிப் பாருங்கள். அதைவிட நல்லது, வினை நடக்கும்போதே மிதமான வெற்றிடம் கொடுத்து நீரை இழுத்துவிடுவது. ஆக்டனாலின் கொதிநிலை 195 டிகிரி என்பதால் அது பெரிதாக ஆவியாகாது.

அப்புறம் ஒன்று, இதை எல்லோருமே கவனிக்காமல் விடுகிறார்கள். மறுநாள் காலையில் எடுத்த விளைச்சலை வைத்து நொதியின் நலத்தைக் கணிக்க முடியாது. மணிகளை அதிகமாகப் போட்டிருந்தால் பாதி நொதி வீணாகியிருந்தாலும் வினை சமநிலையை எட்டிவிடும். தொடக்கத்தில், அமிலம் எஸ்டராக மாறியது பத்து சதவீதத்தைத் தாண்டுவதற்குள், வேகத்தை அளந்து சுற்றுக்குச் சுற்று ஒப்பிடுங்கள்.

மரகதம்:
நொதி கழன்று வருகிறதா என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். வினை பாதி நடக்கும்போது சூடாகவே வடிகட்டி, வடிந்த திரவத்தை அதே வெப்பநிலையில் வைத்திருங்கள். எஸ்டர் கூடிக்கொண்டே போனால் திரவத்திலும் நொதி இருக்கிறது. சாதாரணத் தாள் வேண்டாம், 0.2 மைக்ரான் டெஃப்லான் வடிப்பான் போடுங்கள். தூள் நழுவிப் போனாலும் அதே விடைதான் வரும், ஏமாந்துவிடுவீர்கள்.

இளவேனில்:
மிக்க நன்றி. குளூட்டரால்டிஹைடு ஏன் வேண்டாம் என்கிறீர்கள்? பலமாகக் கட்டினால் நல்லதுதானே?

தூண்டல்:
இந்த லைப்பேஸ் பிசின்மேல் நீர்வெறுப்புக் கவர்ச்சியால் மட்டுமே ஒட்டியிருக்கிறது, சரி. ஆனால் நீர் குறைந்த எண்ணெய் ஊடகத்தில் புரதம் கரையாது, கழன்று போக இடமில்லை. நீர்க்கரைசலிலோ சோப்பு போன்ற பொருள்கள் உள்ள இடத்திலோ வேலை செய்தால் அந்தப் பயம் நியாயம். வேதிப்பிணைப்பு போட்டால் நொதியின் அசைவு குறைந்து வேகமும் குறையலாம்.

இந்த நொதி வழியில் தொடருங்கள் என்று மனதாரச் சொல்வேன். பெனிசிலினிலிருந்து, மற்ற பெனிசிலின் மருந்துகளுக்கு மூலப்பொருளான 6-அமினோபெனிசிலானிக் அமிலம் எடுக்க ஒரு காலத்தில் பாஸ்பரஸ் பென்டாகுளோரைடு, டைகுளோரோமீத்தேன், உறைநிலைக்கு நாற்பது டிகிரி கீழே குளிர் எல்லாம் வேண்டியிருந்தது. இப்போது மணிகளில் நிலைநிறுத்திய அசைலேஸ் என்ற நொதி அதை நீரிலேயே, ஏறக்குறைய அறை வெப்பநிலையில் செய்கிறது. ஆனால் அங்கே மணிகள் நூற்றுக்கணக்கான சுற்று உழைக்கின்றன. உங்கள் மணிகள் சில சுற்றில் தூளானால், அந்தப் பிசினைத் தயாரித்த செலவும் கழிவும் உங்கள் கணக்கில்தான் ஏறும். கலக்கியை முதலில் மாற்றுங்கள், வெற்றிடம் அடுத்து. இரண்டையும் ஒரே நாளில் மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாது.