ஹைலக்ஸை உயர்த்திய பின் தெருவில் அலைகிறது: என்ன செய்யலாம்?

மாரியில் வயல்பாதைச் சேற்றில் வயிறு தட்டி நின்று சலித்துப்போய், என்னுடைய 1994 டொயோட்டா ஹைலக்ஸ் எல்.என்.106 கெப்பை (பிக்கப் வண்டியை) இரண்டு அங்குலம் உயர்த்தினேன். நான்கு சக்கரத்துக்கும் புதிய லீஃப் ஸ்பிரிங், நீளமான ஷொக் அப்சோபர். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆசை விடவில்லை, முன்பக்கம் நீளமான ஷேக்கிளும் (ஸ்பிரிங்கின் ஒரு முனையை வண்டிச் சட்டத்தோடு பிணைக்கும் ஆடும் இணைப்பு) போட்டுவிட்டேன்.

இப்போது மணிக்கு 60 கிலோமீற்றரைத் தாண்டினால் வண்டி தெருவில் அலைகிறது. வளைவில் திருப்பிய ஸ்டியரிங் தானாக நேருக்கு வருவதில்லை. இந்த மொடலில் ஷேக்கிள் ஸ்பிரிங்கின் முன்முனையில் இருப்பதால், அது நீண்டதும் அச்சு முன்னால் சாய்ந்து காஸ்டர் கோணம் (ஸ்டியரிங்கை நேருக்குக் கொண்டுவர உதவும் பின்சாய்வு) குறைந்துவிட்டது என்று நினைக்கிறேன். பழைய ஷேக்கிளையே திரும்பப் போடுவதா, அந்தச் சாய்வைத் திருத்த ஸ்பிரிங்குக்கும் அச்சுக்கும் நடுவே ஆப்புத் தகடு வைப்பதா? ஆப்பு வைத்தால் பின்னியன் (முன் அச்சில் தண்டு வந்து சேரும் பற்சக்கரம்) கீழே சாய்ந்து முன் புரொப்பெல்லர் ஷாஃப்ட் (எஞ்சின் விசையை முன் அச்சுக்குக் கொண்டுபோகும் அந்தத் தண்டு) அதிருமே என்ற பயமும் உண்டு.

இன்னொன்று, பாரத்துக்கேற்பப் பின் பிரேக்கைக் கூட்டிக் குறைக்கும் வால்வு. நெல்மூட்டை ஏற்றினாலும் அது வண்டியை வெறுமையென்றே எண்ணுகிறது போலும், பிரேக் மந்தம். அதன் தாங்கியை எவ்வளவு உயர்த்தினீர்கள்? பிரேக் குழாய்களை நீளமாக மாற்றிவிட்டேன், அதில் கவலையில்லை.

இதே கெப்பில் கை வைத்த அண்ணன்மார் சொல்லுங்கள். அறுவடைக்கு முன் வண்டி ஓடவேண்டும்.