ஆண்களை பிரஷர் பார்க்க வரவைப்பது எப்படி?

சோழவந்தான் பக்கத்துக் கிராமம் எனக்கு. மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு வீடாகப் போய் பிரஷர், சுகர் பார்க்கிறேன். நான் போகிற நேரத்தில் ஆண்கள் வயலுக்கோ காளவாசலுக்கோ மாட்டுத்தாவணிக்கோ கிளம்பியிருப்பார்கள். சாயங்காலம் பிடித்தால், "எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன்" என்று துண்டை உதறித் தோளில் போட்டு நடையைக் கட்டுகிறார்கள். 180/110 காட்டிய ஒருவர், தலைவலி விட்டதும் மாத்திரையையும் விட்டுவிட்டார். சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீடு. மனசு கேட்கவில்லை. என்ன செய்யலாம்?

மேலூர் அக்கா (ஓய்வுபெற்ற செவிலியர்):
வீட்டை விடு தங்கச்சி, அவர்கள் கூடுகிற இடத்துக்குப் போ. விடியற்காலை டீக்கடை, ஞாயிற்றுக்கிழமை சலூன். லாஸ் ஏஞ்சலஸில் கறுப்பின ஆண்கள் முடி வெட்ட வரும் கடைகளில் இதைச் செய்து 2018-ல் முடிவை வெளியிட்டார்கள். முடி வெட்டுபவர் எடுத்துச் சொன்னார், மருந்தாளுநர் கடைக்கே வந்து மருந்து எழுதிக் கொடுத்தார். ஆறு மாதத்தில் மேல் அளவு சராசரியாக 27 குறைந்தது. டாக்டரைப் பாருங்கள் என்று சொல்லி மட்டும் அனுப்பிய கடைகளில் 9தான். அதனால் அளவெடுத்ததோடு நிற்காதே, மாத்திரை கைக்கு வரும் வழியையும் பார்.

டீக்கடையில் ஒன்று கவனி. டீக்கும் பீடிக்கும் முன்னாலேயே பார்த்துவிடணும், குடித்துவிட்டால் அரை மணி நேரம் பொறு. ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார வை. கை நெஞ்சு மட்டத்தில் இருக்கட்டும், பேச விடாதே.

உசிலம்பட்டி மருமகள்:
மாத்திரையை விட்டவர் வீட்டம்மாவிடம் பேசுங்கள் அக்கா. எங்கள் வீட்டில் அவர் தட்டுக்கு மட்டும் உப்பைக் குறைத்தேன், பெரிய சண்டை. அப்புறம் குழம்புச் சட்டிக்கே குறைத்தேன், மாமியார் உட்பட எல்லாருக்கும் பழகிவிட்டது. ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் என்கிறார்கள். கருவாடு, மோர்மிளகாய், ஊறுகாய் எல்லாம் அதற்குள்தான். மாத்திரை டப்பாவை வண்டிச் சாவி ஆணிக்குக் கீழே வைத்திருக்கிறேன். சாவியை எடுக்காமல் அவர் வெளியே போக முடியாது.

மேலூர் அக்கா:
நல்ல யோசனை. ஒன்றை வீட்டுப் பெண்களிடமும் பிள்ளைகளிடமும் சொல்லி வை தங்கச்சி. நெஞ்சு பிசைந்து, வியர்த்து, இடது கையோ தாடையோ வலித்தால் வாய்வு என்று சோடா குடிக்க வைத்துப் படுக்கப் போடக் கூடாது. உடனே 108. ஆரம்ப சுகாதார நிலையம் பக்கத்தில் இருந்தால் அங்கேயே போகலாம். இதயம் காப்போம் திட்டத்தில் 2023-லிருந்து முதல் டோஸ் மாத்திரையைக் கொடுத்துத்தான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள்.