காய் நறுக்கும் மரப்பலகை நடுவில் குழிந்து வளைகிறது: நிமிர்த்த வழி உண்டா?

கேள்வி (காட்பாடி)

தை மாதத்தில் என் தங்கை வீட்டுக் கிரகப்பிரவேசம் வருகிறது. தாம்பூலப் பையோடு நெருங்கிய உறவினர் சிலருக்கு என் கையால் செய்த காய் நறுக்கும் பலகை ஒன்றையும் கொடுக்க விரும்பி, பேரணாம்பட்டுப் பக்கத்துத் தோப்பொன்றில் காற்றில் சாய்ந்த மாமரத்தை அறுவை மில்லில் கொடுத்து அறுத்து வாங்கினேன். எல்லாம் 12 அங்குல அகலமும் முக்கால் அங்குலக் கனமும் உள்ள ஒற்றைப் பலகைகள். இழைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இரு முகங்களிலும் நல்லெண்ணெய் பூசி, கிரானைட் மேடையின் மீது படுக்க வைத்திருந்தேன். இப்போது விளிம்புகள் மேலெழும்பி நடுப்பகுதி குழிந்துவிட்டது. போதாததற்குக் காறல் வாடையும் அடிக்கிறது. இவற்றை நிமிர்த்த முடியுமா?

மறுமொழி (வாலாஜா)

அடிப்புறத்தில் குறுக்காக இரண்டு சட்டம் வைத்துத் திருகாணியால் இறுக்கிவிடுங்கள். அதன்பின் பலகை அசையாது.

மறுமொழி (குடியாத்தம், தச்சு வேலை)

வாலாஜா நண்பர் பொறுத்துக்கொள்ள வேண்டும். அவ்வாறு இறுக்கினால் பலகை வெடிக்கும். மரம் நீளவாட்டில் அநேகமாகச் சுருங்குவதில்லை, அகலவாட்டில்தான் சுருங்கும், விரியும். அதைச் சட்டம் தடுத்தால் நார் ஓடும் ரேகையோடு பிளவு விழுவதைத் தவிர வேறு வழியில்லை. முதலில் பலகையின் வெட்டுமுனையை, அதாவது மரத்தின் வளர்ச்சி வளையங்கள் தெரியும் குறுக்கு முனையைப் பாருங்கள். குழிந்த முகம் பட்டைப் பக்கமாகவும், புடைத்த முகம் நடுத்தண்டுப் பக்கமாகவும் இருந்தால், மரம் ஈரம் வற்றுமுன் இழைக்கப்பட்டது என்று பொருள். வளையத்தின் போக்கிலேயே ஏற்படும் சுருக்கம், வளையத்துக்குக் குறுக்கே ஏற்படும் சுருக்கத்தைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு என்பதால், காயும்போது வளையங்கள் நிமிரப் பார்க்கின்றன, பலகையும் அவற்றோடு வளைகிறது. மேடைமேல் படுத்திருந்த அடிமுகத்துக்குக் காற்றுப் படாமல் மேல்முகம் மட்டும் முந்திக் காய்ந்ததும் இதோடு சேர்ந்துகொண்டிருக்கும்.

கேட்டவர்

வெட்டுமுனையைப் பார்த்தேன், ஐயா. நீங்கள் சொன்னபடியே குழிந்த முகம்தான் பட்டைப் பக்கம். தை மாதத்துக்குள் இதே மரத்தைக் கொண்டு முடிக்க இயலுமா?

மறுமொழி (குடியாத்தம், தச்சு வேலை)

இயலும், ஆனால் எண்ணிக்கை பாதியாகும். பலகைகளை ரேகைவாட்டில் ஒன்றேகால் அங்குலக் கீற்றுகளாக அறுத்து, காற்றோட்டமான நிழலில் இடைவெளி விட்டு அடுக்குங்கள். வெயிலில் போட்டால் முனைகள் வெடிக்கும். அங்குலக் கனத்துக்கு ஓராண்டு என்று பெரியவர்கள் சொல்லும் கணக்கு முழுப் பலகைக்கானது, மெல்லிய கீற்று அதைவிட விரைவில் காயும். ஐப்பசி மழையில் நாளை நம்ப முடியாது. ஒரு கீற்றைச் சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை நிறுத்துப் பார்த்து, எடை குறைவது நின்றபின் வேலையைத் தொடங்குங்கள். பிறகு ஒவ்வொரு கீற்றையும் பக்கவாட்டில் திருப்பி நிறுத்தி, நீர் தாங்கும் மரப்பசையால் ஒட்டிக் கிளாம்ப் போடுங்கள். வளையங்கள் செங்குத்தாக நிற்பதால் பெரும் சுருக்கம் அகலத்தை விட்டுக் கனத்துக்குப் போய்விடும். கத்திரியில் 40 பாகை தாண்டும் நம் ஊரிலும் இது தாங்கும். இரண்டு பலகைக்கு, இழைப்பில் போவது போக, ஏறத்தாழ 10 அங்குல அகலத்தில் ஒன்று கிடைக்கும்.

மார்கழி வரை எடை நிற்கவில்லையென்றால், இடித்த வீட்டுத் தேக்கை மரவாடியில் வாங்குங்கள். அது கத்தியைச் சற்று விரைவில் மழுக்கும். பெயின்ட் ஏறிய கட்டை மட்டும் வேண்டாம்.

மறுமொழி (ஆம்பூர்)

காறல் வாடைக்குக் காரணம் நல்லெண்ணெய். உலராத சமையல் எண்ணெய் மரத்துக்குள் தங்கிக் கெட்டுப்போகும். மருந்துக் கடையில் வேறெதுவும் கலக்காத லிக்விட் பாரஃபின் வாங்கி, நான்கு பங்குக்கு ஒரு பங்கு தேன்மெழுகு உருக்கிச் சேர்த்தால் பூச்சு தயார், கெட்டுப்போகாது. பூசுவதற்கு முன் பலகையை ஈரத்துணியால் துடைத்து, எழும்பும் நார்களை 220 எண் உப்புத்தாளால் எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் முதல் கழுவலிலேயே சொரசொரப்பாகிவிடும்.

கேட்டவர்

எண்ணெய் ஊறிய கீற்றுகளில் பசை பிடிக்குமா?

மறுமொழி (குடியாத்தம், தச்சு வேலை)

ஒட்டும் முகங்கள் இப்போதைய மேல்முகமும் அடிமுகமும்தான். எண்ணெய் அங்கேதான் இருக்கிறது. நிறம் வெளுத்த புதிய மரம் தெரியும்வரை அவற்றை இழைத்துவிட்டு, அன்றைக்கே ஒட்டிவிடுங்கள்.